தவளை தன் வாயால் கெடுமா?

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் தமிழாசிரியர் விடுப்பில் இருந்தார். அவருடைய ஏழாம் வகுப்பைக் கவனித்துக் கொள்ளும் பொறுப்பு, விஞ்ஞானம் கற்பிக்கும் என் தலையில் விழுந்தது. பழமொழிப் பாடம். "தவளை தன் வாயால் கெடும்" என்று கரும்பலகையில் எழுதினேன். மழை நாளில் ஓயாமல் கத்தித் தான் இருக்கும் இடத்தைப் பாம்புக்குத் தானே காட்டிக் கொடுக்கும் அந்த அப்பாவிப் பிராணியைப் பற்றி விரிவுரை நிகழ்த்தத் தொண்டையைக் கனைத்துக் கொண்டேன். அதற்குள் முதல் வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி எழுந்து நின்றாள்.

"சார், தவளை எப்படி சார் கத்தும்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு, "தவளை கத்துவதைக் கேட்டவர்கள் எல்லோரும் கையைத் தூக்குங்கள்" என்றேன். முப்பத்தெட்டுப் பேரில் கை தூக்கியவர்கள் பதினொரு பேர். அந்தப் பதினொருவரிலும் நால்வர் கைபேசியில் கேட்டவர்களாம்! அதன் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் புதுக்கடை பாலைவனத்தில் இல்லை. தென்மேற்கே சற்றுத் தூரம் போனால் தேங்காப்பட்டணத்துக் கடல். மழை விட்ட காலையில் வடகிழக்கே பார்த்தால் நீல நிறமாய் மலைத்தொடர். எங்கள் பக்கத்து முதியோர் 'இடவப்பாதி' என்று சொல்லும் தென்மேற்குப் பருவ மழை ஒன்று. ஐப்பசியில் 'துலா மழை' மற்றொன்று. ஆண்டுக்கு இருமுறை வானம் கருணை செய்யும் நாடு இது. இங்கே பிறந்த பிள்ளை, தவளையின் குரலைப் பாடப் புத்தகத்தில் தேட வேண்டியிருக்கிறது என்றால், தவளை தன் வாயால் கெட்டதா, நம் கையால் கெட்டதா என்று விசாரிப்பது நியாயந்தானே?

பெட்ரோமாக்ஸ் விளக்கின் காலம்

எனக்கு ஆறு வயதிருக்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல் பரப்பு. ஏலா என்று சொல்லுவோம். முதல் மழை பெய்த இரவில் அங்கே எழும் ஆரவாரம் இன்றும் காதில் இருக்கிறது. பெரிய தவளைகள் அடித்தொண்டையில் உறுமும். சிறியவை கொட்டைப்பாக்கை உரசினாற்போல் கிறீச்சிடும். இடையிடையே தேரைகள் நீட்டி முழக்கும். மறுநாள் காலையில் வரப்பில் நின்று பார்த்தால், மஞ்சள் பூசிக் குளித்தாற்போல் நிறம் மாறிய ஆண் தவளைகள், கழுத்தின் இருபுறமும் நீலப் பைகளை ஊதிக்கொண்டு நீரில் மிதக்கும்.

அந்த இரவுகளில் வயலில் விளக்குகளும் தெரியும். இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்ந்து பெட்ரோமாக்ஸ் விளக்கும் சாக்குப் பையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். வெளிச்சம் கண்ணில் பட்டதும் தவளை அசையாமல் உட்கார்ந்துவிடும். கையால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். விடிவதற்குள் பை நிறைந்துவிடும்.

அந்தப் பைகள் எங்கே போயின என்பது பெரியவனான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பிரான்சிலும் அமெரிக்காவிலும் தவளைத் தொடை ஒரு விருந்துப் பண்டம். உடலில் தொடையை மட்டும் வெட்டி எடுத்து, பனிக்கட்டியில் உறைய வைத்து, கொச்சி முதலிய துறைமுகங்களில் கப்பலேற்றினார்கள். 1981-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவிலிருந்து 4,000 டன்னுக்கும் அதிகமான தவளைத் தொடை அயல்நாடுகளுக்குப் போயிற்று. அது தொடையின் எடை மட்டுமே. மாண்ட தவளைகள் எத்தனை கோடி என்பதை நேயர்கள் தாங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

வயலில் தவளை குறைந்தது, பூச்சி பெருத்தது, பூச்சியை ஒழிக்க மருந்து வேண்டியதாயிற்று. தொடையை விற்ற பணத்தில் விஷம் வாங்கினோம்! இந்த வியாபாரக் கணக்கில் லாபம் எங்கே இருக்கிறது என்று அறிஞர்கள் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல முடியவில்லை. 1987-ல் இந்திய அரசாங்கம் தவளைத் தொடை ஏற்றுமதியைத் தடை செய்தது. அது நல்ல காரியம். ஆனால் அதற்குள் மற்றொரு வினை தொடங்கிவிட்டது.

விளக்கோடு வந்தவர்கள் தவளையைத்தான் எடுத்தார்கள்; வயலை விட்டு வைத்தார்கள். பின்னால் வந்த நாங்கள் வயலையே எடுத்துவிட்டோம். நெல்லில் வரவில்லை என்று தென்னை வைத்தோம், வாழை வைத்தோம், சற்று மேட்டில் ரப்பர் வைத்தோம், மிச்சத்தில் மண் அடித்து மனை போட்டோம். பிறரைக் குறை சொல்லுமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இப்போது குடியிருக்கும் வீடு, மேலே சொன்ன அந்த ஏலாவில்தான் நிற்கிறது. என் தகப்பனார் நிலத்தைப் பங்கு வைத்தபோது எனக்கு வந்தது எட்டு சென்ட். அதில் நானே லாரி லாரியாகச் செம்மண் கொட்டி மேடாக்கினேன். என் மாணவியின் கேள்வி என்னைச் சுட்டதற்குக் காரணம் அதுதான்.

ஆற்றின் வழியே மேலே

ஊரில் குரல் அடங்கிவிட்டது. ஆனால் மலையில் அடங்கவில்லை. எங்கள் ஊருக்கு அருகே ஓடிக் கடலில் கலக்கும் குழித்துறைத் தாமிரபரணி, கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து உண்டானது. அந்த ஆறுகளின் வழியே மேலே போனால் 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை. அதற்கும் மேலே கோதையாற்றுக் காடுகள். அதற்கும் அப்பால் முத்துக்குழி வயல் என்னும் மலை உச்சிச் சதுப்புகள். இந்தக் காடுகளில் 400 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பரப்பு, 2008 முதல் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயமாக இருக்கிறது. வடக்கே களக்காடு முண்டந்துறையும், மேற்கே கேரளத்துக் காடுகளும் சேர்ந்து அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் ஆகின்றன. 2016-ல் ஐ.நா.வின் யுனெஸ்கோ நிறுவனம் இதைத் தன் உலகப் பட்டியலில் சேர்த்துக் கொண்டது.

தவளை, தேரை, மண்ணுக்குள் வாழும் காலில்லாத குருட்டு ஜந்துக்கள் ஆகிய இவற்றை இருவாழ்விகள் என்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்று வரை அறியப்பட்டவை சுமார் 250 வகை. இவற்றில் மிகப் பெரும்பான்மையானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. 2000-ம் ஆண்டுக்குப் பிறகு மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட புதிய வகைகளை இங்கே கண்டெடுத்திருக்கிறார்கள். இரு நூற்றாண்டுகளாக ஆராய்ந்து வரும் மலையில் இன்னும் புதியவை கிடைக்கின்றனவே, அது எப்படி?

தவளை தோலால் மூச்சு விடும் பிராணி. அந்தத் தோல் ஈரமாயிருந்தால்தான் பிழைக்கும். வெயில் காயும் கணவாயையும் வறண்ட பள்ளத்தாக்கையும் அதனால் எளிதில் கடந்து செல்ல முடியாது. ஆகவே ஒரு மலையில் உள்ள தவளை அந்த மலையிலேயே தலைமுறை தலைமுறையாய்த் தங்கி, அந்த ஓடைக்கும் அந்தக் குளிருக்கும் ஏற்றபடி தனி இனமாகிவிடுகிறது. 'கிணற்றுத் தவளை' என்று நாம் ஏளனம் செய்கிறோமே, அந்த வாழ்க்கைதான் இத்தனை வகையையும் படைத்தது! மூன்றை மட்டும் இங்கே சொல்லுகிறேன்.

காலால் பேசும் தவளை

அகத்தியமலைப் பகுதியின் காட்டோடைகளில் விரற்கடை அளவே உள்ள ஒரு தவளை உண்டு. 1942-ல் மையர்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, திருவிதாங்கூரில் செங்கோட்டைக் கணவாய்க்கு மேற்கே கிடைத்த மாதிரியைக் கொண்டு இதற்கு 'மைக்ரிக்ஸாலஸ் ஹெர்ரே' என்று பெயரிட்டார். பெயர் கரடுமுரடாயிருக்கிறதே என்று அஞ்ச வேண்டாம். இதன் குலத்துக்கு எளிய பெயர், நடனத் தவளை.

அருவியின் இரைச்சலில் இந்தச் சிறு பிராணி எவ்வளவு கத்தினாலும் யாருக்குக் கேட்கும்? ஆகையால் ஆண் தவளை பாறை மீது அமர்ந்து, பின்னங்காலைப் பக்கவாட்டில் நீட்டி, விரல்களை விரித்து ஆட்டுகிறது. போட்டிக்கு வரும் ஆணுக்கு அது எச்சரிக்கை. பெண்ணுக்கு அது அழைப்பு. வாயால் கெடும் என்று நாம் பழி சொன்ன குலத்தில், வாயை நம்பாமல் காலால் பேசும் ஒரு கிளை!

இதன் தலைப்பிரட்டைகள் எங்கே வளர்கின்றன என்பது வெகு காலம் புதிராயிருந்தது. ஓடையின் அடியில் உள்ள மணலுக்கும் சரளைக்கும் உள்ளே, விலாங்கைப் போல் நெளிந்துகொண்டு அவை வாழ்கின்றன என்று 2016-ல் வெளியான ஆராய்ச்சி தெரிவித்தது. அவற்றின் குடலில் மணல் இருந்தது. அப்படியானால் ஒரு மலையோடையில் மணல் அள்ளுகிறவன், வீட்டுக்கு வேண்டிய மணலை மட்டும் அள்ளவில்லை; ஒரு குலத்தின் தொட்டிலையே அள்ளிக்கொண்டு போகிறான்.

டில்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எஸ்.டி. பிஜுவும் அவர் சகாக்களும் பன்னிரண்டு ஆண்டு அலைந்து, 2014-ல் இந்தக் குலத்தில் 14 புதிய வகைகளை ஒரே கட்டுரையில் வெளியிட்டார்கள். இப்போது அறியப்பட்டவை 24. அவற்றில் பெரும்பாலானவை அழிவின் விளிம்பில் இருப்பதாக உலகக் கணக்கெடுப்பு கூறுகிறது.

ஈற்றைக்குள் ஒரு தொட்டில்

எங்கள் மலைகளில் ஈற்றை என்னும் மெல்லிய மூங்கில் வளர்கிறது. கூடையும் முறமும் பாயும் முடைய உதவுவது அது. 1876-ல் திருவிதாங்கூரிலிருந்து லண்டனுக்குப் போன ஒரு பச்சைத் தவளையை, அங்கிருந்த குந்தர் என்னும் அறிஞர் விவரித்து எழுதினார். அதன் பிறகு அதை யாரும் காணவில்லை. ஒரு நூற்றாண்டு போயிற்று. மேலும் முப்பது ஆண்டு போயிற்று. அழிந்தே விட்டது என்று நினைத்திருந்தபோது, 2011-ல் அது மீண்டும் கிடைத்த செய்தி வெளியாயிற்று.

அது எங்கே ஒளிந்திருந்தது தெரியுமா? கே.எஸ். சேஷாத்ரியும் அவர் சகாக்களும் களக்காடு முண்டந்துறைக் காட்டில் இரவிரவாகக் காத்திருந்து அந்த ரகசியத்தைக் கண்டு, 2015-ல் வெளியிட்டார்கள். ஈற்றைத் தண்டில் உண்டாகும் சிறு பிளவின் வழியே ஆண் தவளை உள்ளே புகுந்து, அந்தக் குழலுக்குள்ளிருந்து குரல் கொடுக்கிறது. பெண் வந்து உட்சுவரில் முட்டையிடுகிறது. பிறகு ஆண் அங்கேயே இருந்து முட்டைகளைப் பாதுகாக்கிறது. தலைப்பிரட்டை என்னும் பருவம் நீரில் கழிவதே இல்லை. முட்டையிலிருந்து நேரே சிறு தவளைகள் வெளியே வருகின்றன. குளமும் வேண்டாம், குட்டையும் வேண்டாம். கணுவுக்கும் கணுவுக்கும் இடையே உள்ள ஒரு சாண் அறை போதும்.

ஆனால் அந்த ஒரு சாண் அறை இருந்தே ஆக வேண்டும். ஈற்றைக்காட்டை முழுதாய் வெட்டிச் சாய்த்தால், காடு மறுபடி தளிர்க்கலாம். தவளை எங்கிருந்து தளிர்க்கும்?

பாதாள வாசி

மூன்றாவது தவளை ஆண்டில் பெரும்பகுதியும் பூமிக்குள் வாழ்வது. கொழுத்த உடல், குட்டைக் கால், கூர்மூக்கு, ஊதா நிறம். மண்ணுக்குள் கறையானைத் தின்று கொண்டிருந்துவிட்டு, மழையின் தொடக்கத்தில் சில நாள் மட்டும் முட்டையிட வெளியே வருகிறது. கேரளத்து இடுக்கி மலையில் கிடைத்த இதை 2003-ல் பிஜுவும் பெல்ஜிய நாட்டு அறிஞர் பொஸ்யூட்டும் உலகுக்கு அறிவித்தபோது விஞ்ஞானிகள் வியந்து போனார்கள். இதன் நெருங்கிய உறவினர் இந்தியாவில் இல்லை. கடலுக்கு அப்பால், ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் தொலைவில், செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றனர்!

தவளை கடலை நீந்திக் கடக்கவில்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாயிருந்தன, நிலம் பிளந்து விலகியது, உறவினர் பிரிந்தனர். கடல்கொண்ட குமரி நாட்டைப் பற்றி நம் புலவர்கள் சொல்வது வேறு. நிலநூலார் சொல்வது வேறு. ஆனால் மண்ணுக்குள் உறங்கும் இந்தத் தவளை, பிரிந்து போன ஒரு பழைய நிலத்தின் உயிருள்ள சாட்சி என்பதில் ஐயமில்லை.

2017-ல் நம் தமிழ்நாட்டில், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில், இதன் தம்பி ஒன்றைக் கண்டார்கள். மேற்குச் சரிவில் உள்ளது தென்மேற்கு மழைக்கு வெளியே வருகிறது. கிழக்குச் சரிவில் உள்ள இது வடகிழக்கு மழைக்காகக் காத்திருக்கிறது. இதற்குச் சூட்டிய பெயர் 'பூபதி'. கோவை ஸலீம் அலி நிலையத்தில் பணி புரிந்த விஞ்ஞானி பூபதி, 2014-ல் ஆராய்ச்சிக்காக அகத்தியமலைக்குச் சென்ற இடத்தில் விபத்துக்குள்ளாகி உயிர் நீத்தவர். ஊர்வனவும் இருவாழ்விகளுமே அவர் வாழ்நாள் படிப்பு. மன்னர்களின் பெயரை ஊருக்கு வைப்பார்கள். ஓர் உழைப்பாளியின் பெயரைத் தவளைக்கு வைத்ததும் பெருமையே.

பெயரிட்டவர்கள்

நம் மலைத் தவளைகளின் சரித்திரம் வெகு நாள் வரை வெள்ளைக்காரர் சரித்திரமாகவே இருந்தது. வன அதிகாரி பெட்டோம் பிடித்தார். லண்டனில் குந்தரும் பூலஞ்சரும் பெயரிட்டார்கள். மாதிரிகள் சாராயப் புட்டியில் கப்பலேறின. திருவனந்தபுரம் மியூசியத் தலைவர் பெர்கூஸன் 1904-ல் திருவிதாங்கூர்த் தவளைகளுக்குத் தனிப் பட்டியல் வெளியிட்டார். எங்கள் ஊரும் அப்போது திருவிதாங்கூரில் இருந்ததே.

இந்த நிலையை மாற்றிய முதல்வர்களில் ஒருவர், கோயம்புத்தூரில் 1882-ல் பிறந்த சி.ஆர். நாராயணராவ். பெங்களூர் ஸென்ட்ரல் கல்லூரியில் பேராசிரியராயிருந்து, தென்னிந்தியத் தவளைகள் பலவற்றுக்குத் தாமே பெயரிட்டார். 'கரண்ட் ஸயன்ஸ்' என்னும் விஞ்ஞானப் பத்திரிகை தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியரும் அவரே. அவர் அரிதிற் சேர்த்த மாதிரிகள் பிற்காலத்தில் காணாமற் போயின என்பது வருந்தத்தக்க செய்தி. ஆயினும் 2010-ல் ஒரு தவளைப் பேரினத்துக்கே 'ராவோர்கெஸ்டஸ்' என்று அவர் பெயரை வைத்தார்கள். ஈற்றைக்குள் வாழும் பச்சைத் தவளை இந்தப் பேரினத்தைச் சேர்ந்ததே. காட்டின் பழங்குடியான காணிக்காரர்களின் பெயரையும் 2009-ல் ஒரு புதர்த் தவளைக்குச் சூட்டினார்கள்.

மலை ஒன்று, இனம் ஒன்று

இனி அபாயத்துக்கு வருவோம். ஓர் இனம் ஒரு மலையில் மட்டும் இருக்கிறது என்றால், கேட்பதற்குப் பெருமையாயிருக்கிறது. ஆனால் ஒரே வீட்டில் குடும்பத்தின் எல்லா நகையையும் வைத்திருப்பது போன்ற நிலை அது. அந்த வீட்டில் தீப்பிடித்தால் மிச்சம் ஒன்றுமில்லை.

நமக்கு மிக அருகே இலங்கையைப் பாருங்கள். அங்கும் நம்முடையதைப் போன்ற மழைக்காடு. நம்முடையதைப் போன்ற தவளை வளம். காப்பிக்கும் தேயிலைக்குமாக மலைக்காடு வெட்டப்பட்டது. நூறாண்டுக்கு முன் பிடித்துப் புட்டியில் வைத்த வகைகளைத் தேடிப் போனபோது, பதினைந்துக்கும் மேற்பட்டவை எங்குமே இல்லை. மத்திய அமெரிக்காவில் கோஸ்டாரிகா நாட்டு மலை ஒன்றில் மட்டும் வாழ்ந்த பொன்னிறத் தேரையை 1989-க்குப் பிறகு யாரும் கண்டதில்லை. தோலைப் பற்றி, உடலின் உப்புச் சமநிலையைக் குலைத்துக் கொல்லும் கைட்ரிட் என்னும் பூஞ்சை நோய், உலகில் ஐந்நூறு வகைகளைக் குறைத்துவிட்டது என்றும், 90 வகைகளை முற்றாய் ஒழித்துவிட்டது என்றும் 2019-ல் மதிப்பிட்டார்கள். இந்தப் பூஞ்சை நம் மலைகளிலும் உண்டு. தெய்வாதீனமாக, அங்கே நிகழ்ந்தது போன்ற கூட்டச் சாவு இங்கே காணப்படவில்லை.

2023-ல் வெளியான உலக ஆய்வின்படி, அறிந்த இருவாழ்வி வகைகளில் நூற்றுக்கு 41 அழியும் அபாயத்தில் இருக்கின்றன. பறவைகளும் பாலூட்டிகளும்கூட இவ்வளவு ஆபத்தில் இல்லை. காடு சுருங்குகிறது, வெப்பம் கூடுகிறது, மழை தன் காலம் தவறுகிறது. ஆண்டில் சில நாளே வெளியே வரும் பிராணிக்கு, அந்தச் சில நாளில் மழை பெய்யாவிட்டால் அந்த ஆண்டே வீண்.

நல்ல எண்ணத்தாலும் தீமை வரும். கொசுப் புழுவைத் தின்னும் என்று அயல்நாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட கம்பூசியா மீன், மலையோடைகளில் ஏறிவிட்டால் நடனத் தவளைகளுக்கு ஆபத்தாகிறது. மலைப்பாறையை உடைத்து லாரியில் ஏற்றுகிறோம். பாறை போனால் ஊற்று தடுமாறுகிறது. ஊற்று தடுமாறினால் கோடையில் ஓடை வற்றுகிறது. வற்றாத ஓடையை நம்பிய குலத்துக்குப் பிறகு போக்கிடம் ஏது?

இதனால் நமக்கு என்ன?

"தவளை இருந்தால் என்ன, போனால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. என் வீட்டிலேயே கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்லுகிறேன்.

கோஸ்டாரிகாவிலும் பனாமாவிலும் கைட்ரிட் நோயால் தவளைகள் மாண்ட பகுதிகளில், அடுத்து வந்த சில ஆண்டுகளில் மனிதர்களிடையே மலேரியாக் காய்ச்சல் அதிகமாயிற்று என்று 2022-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. தவளை கொசுவைத் தின்னும். தலைப்பிரட்டை கொசுப் புழுவின் உணவில் பங்கு கேட்கும். இரண்டும் இல்லையென்றால் கொசுவுக்குக் கொண்டாட்டம். மழைக்காலத்தில் ரப்பர் மரத்துச் சிரட்டைகளில் நீர் தேங்கிக் கொசு பெருகும் எங்கள் ஊரில், இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றொன்று. கேரளத்துத் தவளை ஒன்றின் தோலில் ஊறும் ஒரு பொருள், ஒருவகை இன்புளுயன்சாக் கிருமியைச் சிதைக்கிறது என்று திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி ஆராய்ச்சி நிலையத்தாரும் அமெரிக்க விஞ்ஞானிகளும் 2017-ல் கண்டார்கள். எலிகளில் செய்த சோதனையில் அது பலன் தந்தது. மருந்தாவதற்கு இன்னும் நெடுந்தூரம் போக வேண்டும். அதற்கு வைத்த பெயர் 'உருமின்'. நம் சிலம்பக் களரியில் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சுருள்வாளுக்கு உருமி என்று பெயரல்லவா? அந்த வாளின் பெயர்தான்!

எல்லாவற்றுக்கும் மேலாக, தவளை நீரின் காவலாள். நடனத் தவளை ஆடும் ஓடையில் நீர் தெளிவாயிருக்கிறது, வற்றாதிருக்கிறது என்று பொருள். அந்த நீர்தான் பேச்சிப்பாறையில் தேங்கி, கால்வாயிலும் ஆற்றிலும் இறங்கி, எங்கள் கிணறுகளில் ஊறுகிறது. மலையில் தவளை அடங்கினால், சமவெளியில் குடம் காலியாகும்.

செய்யத்தக்கவை

எங்கள் பக்கத்தில் பருப்பில்லாத தேங்காயைக் கண்டால் 'தேரை மோந்த தேங்காய்' என்பார்கள். தேரை எந்தத் தென்னையில் ஏறி எந்தக் காயை மோந்தது? மகரந்தச் சேர்க்கையின் கோளாறும் மரத்தின் போஷாக்குக் குறைவும் செய்த குற்றத்தை அந்த வாயில்லாப் பிராணியின் மீது சுமத்துகிறோம். முதலில் இந்தப் பழியை நீக்குவோம்.

அரசாங்கம் செய்ய வேண்டியவை உண்டு. ஓடைக்கரை மரங்களைத் தொடாதிருத்தல். ஈற்றையை முறை வைத்துக் காட்டின் ஒரு பகுதியை விட்டு வெட்டச் செய்தல். மலையோடையில் மணலும் அடிவாரத்தில் பாறையும் எடுப்பதைத் தடுத்தல். மலை நீரில் அயல் மீனை விடாதிருத்தல் ஆகியவை அவை. தோட்டத்தில் பால்வெட்டிப் பிழைப்பவரும், ஈற்றை வெட்டிக் கூடை முடைபவரும் நம்மவரே. அவர்கள் பிழைப்பை அழித்துத் தவளையைக் காப்பாற்ற முடியாது. அவர்களையும் காவலராக்கினால்தான் முடியும்.

நாம் செய்யக்கூடியவையும் உண்டு. குளக்கரை முழுவதையும் சிமெண்டால் பூசிவிடாமல் ஒரு பக்கமாவது மண்ணும் புல்லுமாய் விடலாம். தோட்டத்தில் களைக்கொல்லியைக் குறைக்கலாம். முதல் மழை இரவில் வண்டியைச் சற்று மெதுவாய் ஓட்டலாம். சாலையைக் கடக்கும் தவளைக்கு நம் அவசரம் தெரியாது. என் பங்குக்கு, வீட்டின் பின்புறம் மண் கொட்டி மூடிய இடத்தில் இரண்டு முழ ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி மழைநீர் தேங்க விட்டிருக்கிறேன். எட்டு சென்ட் பாவத்துக்கு இது போதிய பிராயச்சித்தம் ஆகாது. ஆயினும் ஒரு தொடக்கம்.

துலா மழையின் முதல் வாரத்தில் ஒரு மாலை, பெற்றோரின் சம்மதத்தோடு அந்த வகுப்பில் பதினான்கு பிள்ளைகளை ஊரில் எஞ்சியிருக்கும் ஒரு குளத்தங்கரைக்கு அழைத்துச் சென்றேன். இருட்டியது. அரை மணி நேரம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கே கவலையாய்ப் போயிற்று. பிறகு அக்கரையில் ஒன்று தொடங்கியது. இன்னொன்று பதில் சொன்னது. சிறிது நேரத்தில் குளம் முழுவதும் பேசிற்று. எங்கள் காதுக்கு ஐந்து விதக் குரல் பிடிபட்டது. நான்குக்கு நான் பெயர் சொன்னேன். ஐந்தாவது எது என்று எனக்கே தெரியவில்லை.

கேள்வி கேட்ட அந்தச் சிறுமி மட்டும் காதில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்து, "சார், இது தன் வாயால் கெடலை சார். வாயால்தான் இருக்குன்னு சொல்லுது" என்றாள்.

மறுநாள் தமிழாசிரியரிடம் அந்தப் பழமொழிப் பாடத்தை நான் சரியாக நடத்தவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.